தாகத்துக்குக் காவல்

சிறுநீரகங்கள் இரண்டும் செயலற்றுப்போன ஒருவருக்கு நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வாரத்துக்கு இரண்டு தடவை, வசதியும் இடமும் சேர்ந்து வாய்த்தால் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்கிறோம். வாரத்தின் 168 மணி நேரத்தில் அவர் எங்கள் பார்வையில் இருப்பது எட்டு மணியோ பன்னிரண்டு மணியோதான்; மற்றப் பொழுதெல்லாம் அவர் தம் வீட்டில், மனைவியின் அல்லது தாயாரின் அல்லது மருமகளின் பார்வையில் இருக்கிறார். எங்கள் கேஸ் ஷீட்டில் எடை எழுத இடம் உண்டு, இரத்த அழுத்தம் எழுத இடம் உண்டு, ஊசி மருந்தின் அளவு எழுத இடம் உண்டு. கூட வருகிற மனுஷிக்கோ, 'அட்டெண்டர்' என்று அச்சிட்டதற்கு எதிரே ஒரு பெயரும் ஒரு கைபேசி எண்ணும் எழுதும் அளவுக்குத்தான் இடம். அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கிற வாழ்க்கையைப் பற்றியே இங்கே எழுத உத்தேசித்திருக்கிறேன்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, குடியாத்தம், ஆம்பூர் என்று விரிகிற எங்கள் வட்டாரத்தில் நர்ஸாக உத்தியோகம் பார்த்து, முதலில் பல வருஷங்கள் இயந்திரத்தின் பக்கத்திலும், பின்னர் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்கிற குடும்பங்களுக்கு அவர்கள் வீட்டிலேயே பயிற்சி அளிக்கும் பொறுப்பிலும் இருந்தவள் நான். பட்டுத் தறி ஓடுகிற வீடுகளிலும், பீடி சுற்றுகிற வீடுகளிலும், தோல் பதனிடும் இடங்களுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் ஷிப்டு போகிறவர்களின் வீடுகளிலும் திண்ணையிலும் அடுப்பங்கரையிலும் உட்கார்ந்து பேசியதில் எனக்கு ஏற்பட்ட திடமான அபிப்பிராயம் ஒன்று உண்டு. தூக்குவது, துடைப்பது, சமைத்துப் போடுவது, இரவெல்லாம் கண் விழிப்பது ஆகிய சிசுருஷைகளையெல்லாம் நம் குடும்பங்கள் முகம் சுளிக்காமல் செய்துவிடுகின்றன. தண்ணீர் கேட்கிறவருக்குத் தண்ணீர் தராமல் இருப்பது என்ற ஒரு காரியந்தான், வருஷக்கணக்கில் செய்ய நேரும்போது, அதைச் செய்கிறவரை உருக்குலைத்துவிடுகிறது.

இந்த வைத்தியத்தின் பூர்வ கதையைப் பார்த்தால், ஆரம்பத்திலிருந்தே அது குடும்பத்தின் உழைப்பை நம்பித்தான் வளர்ந்திருக்கிறது. 1943-ஆம் வருஷம், யுத்தத்தின் நடுவே, ஹாலந்து தேசத்துக் காம்பன் என்னும் ஊரில் வில்லெம் கோல்ஃப் என்ற வைத்தியர் செலோபேன் குழாயை ஓர் உருளையின்மேல் சுற்றி இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தை அமைத்தார். ஒவ்வொரு தடவையும் இரத்தக் குழாயைப் புதிதாக அறுத்தாக வேண்டியிருந்தபடியால், சில நாள் தவறிப் பிறகு தானே சரியாகிவிடுகிற சிறுநீரகத்துக்கு மட்டுமே அது உபயோகப்பட்டது. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர் டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிலையாகப் பொருத்திவைக்கும் முறையைக் கண்டார். 1966-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரெஸ்சியா, சிமினோ முதலியோர் மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றைக்கு ஆம்பூர் பஸ்ஸில் கூட 'பிஸ்டுலா கை' என்று ஜனங்கள் சகஜமாகச் சொல்லுவது அதைத்தான். இவ்விரண்டுக்கும் இடையே, 1964-இலேயே, சியாட்டிலிலும் லண்டனிலும் இயந்திரம் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இடமும் ஆளும் போதாமற் போகவே, தாய்மாரும் மனைவிமாரும் குழாய் பொருத்தவும், நடு இரவில் இயந்திரம் மணி அடித்தால் எழுந்து பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள்.

நம் பக்கத்தில் இயந்திரத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுவது எளிதில்லை. ஒருமுறை டயாலிசிஸ் செய்யச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். கோடையில் குடிப்பதற்கே குடம் வைத்துக் காத்திருக்கிற தெருக்களில் அது எங்கிருந்து வரும்? மின்சாரமும் நான்கு மணி நேரம் நிற்காமல் இருக்கவேண்டும். ஆகையால், 1991-இல் இந்தியாவுக்கு வந்த வயிற்றுவழி முறைதான் நம் ஜனங்களுக்கு ஏற்ற வீட்டு வைத்தியமாக அமைந்தது. குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய ஜவ்வே வடிகட்டியாக வேலை செய்கிறது. வயிற்றில் நிலையாகப் பொருத்திய மிருதுவான குழாய் வழியாக இரண்டு லிட்டர் சர்க்கரைக் கரைசலை உள்ளே விட்டு, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து, கழிவுகளோடும் அதிகப்படித் தண்ணீரோடும் அதை வெளியே வடித்துவிட்டுப் புதுப் பையை ஏற்றவேண்டும். தினம் மூன்று அல்லது நான்கு தடவை. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி என்ற விலக்கு கிடையாது. தினம் மூன்று பை என்றாலும் ஒரு மாதத்துச் சரக்கின் எடை இருநூறு கிலோவை எட்டும். அந்த அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கியதும், இரண்டு அறை உள்ள வீட்டில் ஓர் அறை அவற்றுக்கே போய்விடும். பிள்ளைகள் அந்தப் பெட்டிகளின்மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆரணிக்கு அருகே உள்ள ஒரு நெசவாளர் வீட்டைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லுகிறேன். முன்கட்டில் குழித்தறி, நடுவே சிறு கூடம், பின்னால் சமையல் என்று அமைந்த வீடு. கூடத்தின் ஒரு மூலையை வெள்ளையடித்து, துவைத்த வேட்டியைத் திரையாகக் கட்டி, சுவரில் ஓர் ஆணி அடித்திருந்தார்கள். பை மாற்ற வேண்டிய வேளை வந்ததும் அந்த வீட்டு அம்மாள் கதவையும் ஜன்னலையும் சாத்தி, சித்திரை மாதத்து வெயிலானாலும் மின்விசிறியை நிறுத்தி, தறிச் சத்தத்தை ஓய்த்து, வளையலைக் கழற்றிவைத்து, முழங்கை வரையில் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். முகத்தில் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, குழாயின் வாயைத் தம் சுண்டுவிரலும் தொடாதபடி திறந்து, பழைய தண்ணீரை வடியவிட்டு, புதுப் பையை ஆணியில் மாட்டி இறக்கி, புது மூடியால் திருகி மூடும் வரையில் அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணியில் அவர் பேசமாட்டார். மற்றவர்களையும் பேச விடமாட்டார். வடிந்த பையைத் தூக்குத் தராசில் மாட்டி எடை பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்ட பிறகு, அதை நாங்கள் செய்தித்தாளின்மேல் வைத்து, எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுவது வழக்கம். தண்ணீர் கலங்கியிருந்தால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தாகவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிற அந்த அம்மாள், செய்தித்தாளுக்குப் பதிலாகத் தேதி கிழிக்கிற காலண்டரின் தாள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். பெரிய சிவப்பு எண்ணும், அதன் கீழே பொடி எழுத்தில் உள்ள ராகுகாலமும் இரண்டும் தெரிந்தால்தான் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது அவருடைய நிர்ணயம். எண் தெரிந்து பொடி எழுத்து மங்கலாகத் தெரிந்த ஒரு நாள் காலையில், வேறு எந்த உபாதையும் தோன்றுவதற்கு முன்னமே, அவர் எனக்குப் போன் செய்தார். சீக்கிரமே மருந்து கொடுக்க முடிந்தது, குழாயும் தப்பியது. படித்துத் தேர்ந்தவர்களிடத்திலும் இவ்வளவு சிரத்தையை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன்.

அந்த வீட்டுக்காரர் பைக்கும் பைக்கும் இடையே தறியில் உட்கார்ந்து நெய்தார். வயிற்றுவழி முறையின் பெரிய நன்மை அது. ஆனால் அதே சமயத்தில், ஆறு மணிக்கொரு தடவை வீட்டில் இருந்தாகவேண்டிய அவர் மனைவி, தம் அக்காள் பெண்ணின் கல்யாணத்துக்கு முகூர்த்த வேளைக்கு மட்டும் போய்த் தலை காட்டிவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்தார். அதைப் பற்றி உறவில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

இனி, தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இயந்திர டயாலிசிஸ் செய்துகொள்ளுகிறவருக்கு நாங்கள் விதிக்கிற கணக்கு, முந்தின நாள் எவ்வளவு சிறுநீர் போயிற்றோ அதோடு ஓர் அரை லிட்டர் என்பது. சிறுநீரே போகாதவருக்கு நாள் முழுவதற்கும் அந்த அரை லிட்டர்தான். காப்பி, ரசம், மோர், கஞ்சி, மாத்திரை விழுங்குகிற தண்ணீர் யாவும் அதற்குள் அடக்கம். ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் எப்படி இருக்கும் என்பது தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. குடித்தது வெளியேற வழி இல்லாமல் உடம்பிலேயே தங்கி, முதலில் காலில் வீக்கமாகவும், பிறகு நுரையீரலில் நீராகவும் சேர்ந்துவிடுகிறது. வாரத்தில் எந்த இடைவெளி நீண்டதாக இருக்கிறதோ அதன் கடைசி இரவுதான் அபாயமானது. படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறுகிற மனிதரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, விடியுமுன் எங்கள் வாசலில் வந்து நிற்கிற குடும்பங்களைப் பார்க்காத வாரம் எங்களுக்குக் கிடையாது.

தவித்த வாய்க்குத் தண்ணீர் தராதவர் என்பதைவிடப் பெரிய ஏச்சு நம் ஜனங்களிடத்தில் இல்லை. தண்ணீர்ப் பந்தல் வைப்பதைப் புண்ணியம் என்று கருதுகிற சமூகம் இது. வாசலுக்கு வந்த அன்னியருக்கும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் வந்த காரியத்தை விசாரிப்போம். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த ஒரு பெண், தாலி கட்டின புருஷன் உதடு வறண்டு, நாக்கு ஒட்டிக்கொண்டு, "ஒரு வாய் குடும்மா" என்று கேட்கும்போது, சொம்பை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டவேண்டியிருக்கிறது. குடியாத்தத்தில் ஓர் அம்மாள் குளிர்பதனப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துவைத்திருந்தார். பூட்டின மறுநாள், அந்த மனிதர் குளிக்கிற அறையில் வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்ததை அந்த அம்மாளே கண்டார். "பூட்டி வெச்சும் பாவம், தொறந்து வெச்சும் பாவம், நான் இன்னா சிஸ்டர் பண்ணுவேன்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடத்தில் அப்போது பதில் இருக்கவில்லை.

இதில் வேதனை மிகுந்த அம்சம், இப்படிக் காவல் காக்கிற மனைவி இரண்டு இடங்களில் குற்றவாளியாக நிற்க நேர்வது. வீட்டில், தண்ணீர் தராததற்காகப் புருஷனும் மாமியாரும் அவரைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். ஆஸ்பத்திரியில், எடை பார்க்கும் இயந்திரத்தில் நான்கு கிலோ, ஐந்து கிலோ ஏறியிருப்பது தெரிந்ததும், கேள்வி அவரை நோக்கித்தான் வருகிறது: "என்னம்மா, இவ்வளவு தண்ணி குடுத்திருக்கீங்க?" ஒரு கிலோ எடை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். ஐந்து லிட்டரை நான்கு மணி நேரத்தில் இழுத்தால் கால் தசைகள் சுருட்டிப் பிடித்து, இரத்த அழுத்தம் இறங்கி, நோயாளி மயங்கிப்போவார். இழுக்காமல் விட்டால் மூச்சு முட்டும். அந்தச் சங்கடத்துக்கெல்லாம் காரணம் தானே என்று எண்ணிக்கொண்டு, எடை காட்டுகிற எண்ணைப் புருஷனுக்கு முன்னால் எட்டிப் பார்த்து முகம் வெளுக்கிற பெண்களை நான் அறிவேன்.

உறவினர்கள் பண்ணுகிற உபத்திரவத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்பது நம் மரியாதை. ஆகவே இளநீரும் சாத்துக்குடியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மூன்றிலும் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அது தேங்கினால், வலியோ முன்னறிவிப்போ இல்லாமல், இருதயம் நின்றுபோகக்கூடும். "இளநி குளிர்ச்சிதானே, இதுகூடவா ஆகாது?" என்று ஒரு சித்தப்பா தாமே சீவிக் கொடுத்துவிட்டு, சந்தோஷமாக ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறார், அன்றிரவு விளைவை ஏற்கிறவள் மருமகள். உப்பைக் குறைக்கவேண்டுமென்று கேள்விப்பட்ட வேறு சிலர், கடையில் விற்கிற 'சோடியம் குறைந்த' உப்பை அதிக விலை கொடுத்து வாங்கிவந்து தருகிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம்தான். அன்பினால் வருகிற இந்த அபாயங்களை அந்த வீட்டுப் பெண் ஒருத்தியே வாசலில் நின்று தடுக்கவேண்டியிருக்கிறது; தடுத்தால், வந்தவர்களை மதிக்கத் தெரியாதவள் என்ற பெயர்.

சமையலும் அப்படியே. காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுப் பிறகுதான் தாளிக்கவேண்டும். சத்து வீணாகிறதே என்று மாமியார் புலம்புவார். அந்தச் சத்தைத்தான் நாங்கள் வெளியேற்றச் சொல்லுகிறோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் கூடாது. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்னால் பருப்பையும் முட்டையையும் குறைக்கச் சொன்ன அதே வைத்தியர்கள், தொடங்கிய பிறகு முட்டை கொடு, மீன் கொடு என்று சொல்லும்போது வீட்டார் குழம்பிப்போகிறார்கள். ஒவ்வொரு டயாலிசிஸிலும் கழிவோடு புரதச் சத்தும் கொஞ்சம் போய்விடுகிறது என்பதை யாராவது உட்கார்ந்து விளக்கினால் எளிதில் புரியும். விளக்குவதற்குத்தான் ஆஸ்பத்திரியில் யாருக்கும் பொழுதில்லை. இரண்டு பானை வைத்துச் சமைக்க விறகும் கேஸும் கட்டுப்படியாகாத வீடுகளில், பிள்ளைகளும் அந்த வடித்த காயையே தின்று வளர்கிறார்கள்.

இந்த அனுபவத்தில் நான் தெரிந்துகொண்ட உபாயம் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். தண்ணீரை மறுத்துத் தாகத்தை வெல்ல முடியாது. உப்பை மறுத்தால் தாகமே குறையும். உப்பு உள்ளே போனால் உடம்பு தண்ணீரைக் கேட்டே தீரும். சர்க்கரை வியாதியும் கூட இருந்து, அது கட்டுக்குள் இல்லாவிட்டால், தாகம் இருமடங்காகும். எனவே காவல் போடவேண்டிய இடம் தண்ணீர்ப் பானை அன்று, உப்பு ஜாடி. இரண்டாவதாக, அந்த நாளைய அளவை ஒரு பாட்டிலில் காலையிலேயே ஊற்றி, அதை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடவேண்டும். காப்பி குடித்தால் அதே அளவை அவரே பாட்டிலிலிருந்து கொட்டிவிடவேண்டும்; ரசம் குடித்தாலும் அவரே கொட்டவேண்டும். மாலையில் பாட்டில் காலியானால் அவருக்கும் பாட்டிலுக்கும் உள்ள வழக்கு அது. மனைவி அதில் நீதிபதியாகவோ ஜெயிலராகவோ நிற்கவேண்டியதில்லை. பூட்டுப் போட்ட குடியாத்தத்து வீட்டில் இந்த ஏற்பாட்டுக்கு அந்த மனிதர் முதலில் சம்மதிக்கவில்லை. "என்னைக் குழந்தை மாதிரி நடத்துறீங்க" என்றார். குழந்தையைப்போல் நடத்துவது பூட்டுத்தான், பாட்டில் இல்லை என்று சொன்னதும் யோசித்தார். ஒரு மாதத்துக்குள் அவருடைய எடை ஏற்றம் பாதியாகக் குறைந்தது. அதைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகப்பட்டது, அந்த அம்மாள் அவரோடு மறுபடியும் சாதாரணமாகப் பேசத் தொடங்கியது.

இரவில் அவர்கள் செய்கிற காவல் வேறு. பிஸ்டுலா உள்ள கையில் இரத்தம் வேகமாகப் பாய்வதால், தோலின்மேல் விரலை வைத்தால் ஒரு கிறுகிறுப்பு எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும். அந்தக் கையை மடித்துப் படுத்தாலோ, இரத்த அழுத்தம் இறங்கினாலோ, உள்ளே இரத்தம் உறைந்து அது நின்றுபோகக்கூடும். நின்றால் அடுத்த டயாலிசிஸுக்கு வழியில்லை. மறுபடியும் கழுத்தில் குழாய், மறுபடியும் ஆபரேஷன், மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருத்தல். கூட உறங்குகிறவர்கள் நடு இரவில் விழித்து, இருட்டிலேயே கையை நீட்டி அந்தக் கிறுகிறுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுக்கிறார்கள். வேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், மகனுக்காக இப்படி விழித்து விழித்து, மகனுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகும் ராத்தூக்கம் திரும்பி வராத தாயார் ஒருவரைத் தெரியும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் 2009 முதலும், இப்போதுள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதலும் வந்த பிறகு, டயாலிசிஸ் கட்டணத்துக்காக நகையையும் நிலத்தையும் விற்பது வெகுவாகக் குறைந்தது. 2016-இல் மத்திய அரசும் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை ஆரம்பித்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இவற்றையெல்லாம் நன்றியோடு சொல்லுகிறேன். ஆனால் இரண்டு பேருடைய கூலி வாரத்தில் இரண்டு நாள் போவதை எந்தத் திட்டமும் ஈடு செய்வதில்லை. ஷூ கம்பெனியில் மாதத்துக்கு எட்டு நாள் லீவு போடுகிறவளை யார் வைத்துக்கொள்வார்கள்? வேலை போகிறது, பிறகு, அம்மா வேலைக்குப் போகவேண்டும் என்று, காலேஜில் படிக்கிற மகள் வீட்டோடு நின்றுவிடுகிறாள். அவள் பெயரும் எங்கள் காகிதத்தில் 'அட்டெண்டர்' என்றுதான் ஏறுகிறது.

சிறுநீரக தானத்தைப் பற்றிய பேச்சு எழுகிற வீட்டில் இன்னொரு பாரம் சேருகிறது. 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மாற்றுச் சிறுநீரகம் வைக்கும் சிகிச்சை நம் தேசத்தில் முதன்முதலாகச் சித்தி பெற்றது என்பதில் எங்கள் வட்டாரத்துக்குப் பெருமை உண்டு. 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி நெருங்கிய உறவினர் கொடுக்கலாம். கொடுக்கிறவர்களில் பெண்களும், பெறுகிறவர்களில் ஆண்களும் அதிகமாக இருப்பது நம் நாடு முழுவதும் தெரிந்த விஷயம். கொடுத்த மனைவியை எல்லோரும் போற்றுகிறார்கள். இரத்த வகை பொருந்தாமலோ, தனக்கே சர்க்கரை இருப்பதாலோ, கைக்குழந்தை இருப்பதாலோ கொடுக்க முடியாமற் போனவளைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அவள் அந்தக் கடனைத் தீர்ப்பதாக எண்ணிக்கொண்டு, தன் உடம்பைக் கவனிக்காமல் உழைக்கிறாள். தலைசுற்றுகிறது என்று சொன்ன ஒருத்திக்கு நான் இரத்த அழுத்தம் பார்த்தபோது, படுக்கையில் கிடந்த அவள் புருஷனுடையதைக் காட்டிலும் அது அதிகமாக இருந்தது. "என்னை எதுக்கு சிஸ்டர் பாக்கறீங்க? அவரைப் பாருங்க" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

இவ்வளவு உழைக்கிறவர்களின் மனத்தில், எப்போதாவது, இது எப்போது முடியும் என்ற எண்ணம் வந்து போகிறது. வந்த மறுகணமே அவர்கள் பயந்துபோய் சுவாமி படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டிய தகப்பனாரை வாரம் இருமுறை நாற்காலியோடு தூக்கிவந்து, அவர் "போதும்டா, விட்டுடு" என்று கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டே தூக்கிவருகிற ஒரு மகன், யாருமில்லாத வராந்தாவில் என்னிடம் இதைச் சொல்லி அழுதார். அந்த எண்ணம் பாவமல்ல என்று அவரிடம் சொன்னேன். இன்றும் அதையே சொல்லுவேன். களைத்துப்போன உடம்பு எழுப்புகிற குரல் அது, வெறுப்பின் குரல் அன்று. பெரியவர் தெளிந்த புத்தியோடு வேண்டாம் என்றால், அதை வைத்தியரிடம் வாய்விட்டுப் பேசவும், வலியும் மூச்சுத் திணறலும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுகிற ஆதரவுச் சிகிச்சையைக் கேட்டுப் பெறவும் குடும்பத்துக்கு உரிமை உண்டு. இதைச் சொல்ல வைத்தியர்கள் தயங்குகிறார்கள். கேட்கக் குடும்பம் தயங்குகிறது. நடுவில் கிழவருடைய வார்த்தை யார் காதிலும் ஏறாமல் போகிறது.

பயிற்சிக்கு வருகிற குடும்பங்களிடத்தில் இப்போது நான் சில விஷயங்களைக் கண்டிப்பாகக் கேட்கிறேன். கூட வருகிறவருடைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதவேண்டும். பிரதி மாதம் எழுதவேண்டும். பார்க்க வருகிற உறவினர்களுக்கு எது ஆகாது என்பதை நோயாளியே, தம் வாயால், வந்தவுடன் சொல்லிவிடவேண்டும். மருமகள் சொல்லும்படி விடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பை மாற்ற இரண்டு பேர் கற்றுக்கொள்ள வேண்டும், அதில் ஒருவர் ஆணாக இருக்கவேண்டும். இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். "ஆம்பளைக்கு இதெல்லாம் கை வராதுங்க" என்று ஆண்கள் சொல்லுவது இருக்கட்டும், பெண்களே சொல்லுகிறார்கள். ஆரணி வீட்டில் அந்த நெசவாளருடைய தம்பியும் அப்படித்தான் சொன்னார். அறுந்த பட்டு இழையை, கண்ணுக்கே தெரியாத முடிச்சாகப் போடுகிற கை அது. குழாயின் வாயைத் தொடாமல் திருகுவது அதற்கு ஒரு பொருட்டா என்று கேட்டேன். ஒரு வாரம் அண்ணியின் பக்கத்தில் நின்று பார்த்தார், மறுவாரம் அண்ணி பக்கத்தில் நிற்க அவர் செய்தார், மூன்றாவது வாரம் தனியாகச் செய்தார். அந்த அம்மாள் போளூரில் உள்ள தம் தாயார் வீட்டுக்கு, அண்ணன் பேரனின் காதுகுத்துக்கு, இரண்டு நாள் போய்த் தங்கிவிட்டு வந்தார். அன்று முதல், ஒருவர் மட்டும் வந்தால் பயிற்சியைத் தொடங்குவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு அடுத்த வாரம் வரும்படி திருப்பி அனுப்புகிறேன், கொஞ்சம் முணுமுணுத்தாலும் வந்துவிடுகிறார்கள்.